குற்றம் ஒருவருடையது, அபராதம் மக்களுடையதா?

(பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பணியிடத்தில் பெண்ணை இழிவுபடுத்தியவர் சட்டம் இயற்றுகிறவராகவே இருந்தால் இழப்பீட்டை யார் கொடுப்பது? மக்கள் பணத்திலிருந்து கொடுப்பது என்பதே அமெரிக்க நாடாளுமன்றத்தின் நீண்டகால நடைமுறையாக இருந்தது.

1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் கூறும் ஊழியர் 30 நாள் ஆலோசனை, 30 நாள் சமரசம், மேலும் 30 நாள் காத்திருப்பு ஆகியவற்றைக் கடந்த பிறகே 2018 திருத்தத்துக்கு முன்பு வழக்குத் தொடர முடிந்தது. உடன்பாடு ஏற்பட்டால் கருவூலம் பணம் தந்தது. குடியரசுக் கட்சியின் பிளேக் பேரன்தோல்ட் மீது முன்னாள் பெண் ஊழியர் தொடுத்த வழக்கு 84,000 டாலர் பொதுப்பணத்தில் முடிக்கப்பட்டது. ஜனநாயகக் கட்சியின் ஜான் கான்யர்ஸ் மீதான புகாருக்கு அவரது அலுவலக நிதியிலிருந்து ஏறத்தாழ 27,000 டாலர் தரப்பட்டது. இருவரும் குற்றச்சாட்டை மறுத்தனர். இருவரும் பதவி விலகினர். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்ன பேரன்தோல்ட், பதவி விலகியபின் தர மறுத்துவிட்டார். முதலாளித்துவக் கட்சிகள் இரண்டுக்கும் இந்த ஏற்பாடு வசதியாகவே இருந்தது.

'மீ டூ' இயக்கத்தின் நிர்ப்பந்தத்தால் 2018 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. கருவூலம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணம் தரும். துன்புறுத்திய உறுப்பினர் 90 நாட்களுக்குள் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். பதவி விலகினாலும் இக்கடமை நீங்காது. ஆயினும் பாகுபாட்டு வழக்குகள் இதற்குள் கொண்டுவரப்படவில்லை.

நம் நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இக்கோட்பாடு ஏற்கெனவே உள்ளது. அதன் 13ஆம் பிரிவு, இழப்பீட்டைத் துன்புறுத்தியவரின் ஊதியத்திலிருந்து பிடித்தம் செய்யவும், செலுத்தத் தவறினால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கவும் வழிசெய்கிறது. ஆனால் 10 பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள இடத்திலும், புகார் முதலாளி மீதே எழும்போதும், மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடமே செல்ல வேண்டும். அக்குழுவை நியமிப்பவர் அரசின் மாவட்ட அதிகாரி. ஆளும் வர்க்கப் பிரமுகர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணோ, அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணோ தனியாக அக்குழுவின் முன் நிற்கத் துணிவாரா?

துணிவைத் தருவது அமைப்பு. உங்கள் மாவட்டத்தில் அக்குழு உள்ளதா, அதன் உறுப்பினர் யார் என்று கேளுங்கள். இல்லையெனில் அமைக்கப் போராடுங்கள். புகார் கூறும் பெண்ணுடன் சங்கம் நிற்கட்டும். அந்தப் புகார் நம் தோழர் ஒருவர் மீதே எழுந்தாலும் இதே அளவுகோலைக் கைக்கொள்வோம்.