வேகத்தில் நடுங்கும் கார்

(தோட்ட மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரை)



லயத்து வாசலில் கார் நிற்பது இன்று புதுமையன்று. அவற்றுட் பல பிறரிடமிருந்து வாங்கிய பழைய கார்கள். செம்மண் பாதையில் ஒழுங்காகச் செல்லும் கார், நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் நடுங்குகிறது. 100ஐ எட்டினால் சில வேளைகளில் தணிந்தும் விடுகிறது. "அந்த வேகத்தில் ஓட்டாமலிருந்தால் போதும்" என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். நானும் அவ்வாறு இருந்தவன்தான்.

அதிர்வு ஏன் ஒரு வேகத்தில் மட்டும் தோன்றுகிறது? மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சிறிய காரின் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 14 முறை சுழல்கிறது. ரிம்மின் உட்புறத்தில் 30 கிராம் சேறு ஒட்டிக் காய்ந்திருப்பின், அது ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் சக்கரத்தை ஒருபுறமாக இழுக்கும். தொட்டிலை அதன் ஆட்டத்திற்கு இசைந்த நேரத்தில் ஒரு விரலால் தொட்டாலே அது பெரிதாக ஆடுவதைத் தாய்மார்கள் அறிவர். சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்குக்கும் அவ்வாறு ஓர் ஆட்டம் உண்டு. சேற்றின் இழுப்பு அதனோடு இசையும் வேகத்தில் அதிர்வு பெருகுகிறது. அவ்வேகத்தைக் கடந்தால் தணிகிறது.

ஆகவே, பணம் செலவழிக்குமுன் ரிம்மின் உட்புறத்தைக் கழுவிப் பாருங்கள். தோட்டப்புறக் கார்களில் பாதி நோய் அங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம். சேறு போயும் நடுக்கம் நிற்காவிடில், டயர் கடையில் பேலன்சிங் செய்வித்தல் வேண்டும்.

நடுக்கத்தை எங்கே உணர்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஸ்டீயரிங்கில் உணர்ந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். இருக்கையிலும் தரையிலும் உணர்ந்தால் பின்சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் தட்டு சீராக இல்லை என ஐயுறலாம். எண்ணெய் கொடுக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டை மெக்கானிக் பார்க்க வேண்டும். இவற்றை ஆளரவமற்ற நேரான சாலையில், வேக வரம்புக்குள் மட்டுமே சோதித்தல் தகும்.

மெதுவாகச் செல்லும்போதே கார் ஏறி இறங்கி அசைந்தால், சோதனை வேண்டா, உடனே நிறுத்திவிடுங்கள். சக்கர நட்டு தளர்ந்திருக்கலாம். அன்றி டயரே உள்ளே சிதைந்திருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கார் இவ்வாறு அசைந்தது. மண் பாதையின் குண்டுகுழிகளில் அது எனக்குத் தெரியவில்லை, தார்ச்சாலையில்தான் தெரிந்தது. ஒரு கடையில் இருமுறை பேலன்சிங் செய்தும் பயனில்லை. அடுத்த வாரம் என் தாயாரைப் பின்னிருக்கையில் அமர்த்தி நெடுந்தொலைவு செல்லவிருந்தேன். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை சக்கரத்தைக் கழற்றி, உட்பக்கச் சுவரைக் கையால் தடவினேன். எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்த டயர் அது. எந்த நேரத்திலும் வெடிக்கக்கூடியது. வெளிப்பக்கம் புதியதுபோல் பளபளத்தது! பயணத்தை நான் தள்ளிவைத்தேன்.

ரப்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயிலிலும் காலத்திலும் அது இறுகி வெடிப்பதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். டயரும் அவ்வாறே; பள்ளம் தேயாதிருந்தாலும் வயது அதனைக் கெடுக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பழைய டயர் வாங்குவோர் விலையைக் கேட்குமுன் இதனைப் பார்த்தல் நலம்.

சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முறுக்காது, எதிரெதிராக முறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

பட்டறைக்குச் சென்றால் "கார் ஆடுகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவ்வாறு சொன்னால் தேவையற்ற பொருள்களை மாற்றிவிட்டுப் பணம் கேட்க இடமுண்டு. "80இல் தொடங்குகிறது, 100இல் தணிகிறது, ஸ்டீயரிங்கில் தெரிகிறது, பிரேக் பிடித்தால் மாறுவதில்லை" என்று சொல்லுங்கள். எந்தச் சக்கரத்தை முதலில் கழற்றுவது என்பது மெக்கானிக்குக்கு அப்போதே விளங்கிவிடும்.