பேசாத விமானம்



2025 ஜூன் 14 இரவு, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒரு பிரிட்டிஷ் போர் விமானம் இறங்கியது. அதன் பெயர் எஃப்-35பி. பழுது பார்க்கப்பட்டு, ஜூலை 22-ல்தான் திரும்பிப் போனது. அது ராடாரில் எளிதில் தெரியாதபடி செய்யப்பட்ட விமானம்.

மறைந்து பறப்பது போர் விமானத்தின் வேலை. பயணிகள் விமானம் அப்படி அல்ல. அது இருக்கும் இடம் தரையில் உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும். அதுதான் பாதுகாப்பு. திருவனந்தபுரத்திலிருந்து எத்தனையோ பேர் கடல் தாண்டி வளைகுடா நாடுகளுக்குப் பறக்கிறார்கள். கடலுக்கு மேலே அந்த விமானம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது?

முதல் வழி பேச்சு. விமானி ரேடியோவில் கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசுகிறார்.

இரண்டாவது வழி ராடார். அது வானில் ரேடியோ அலைகளை வீசுகிறது. சுவரில் எறிந்த பந்து போல, அலை விமானத்தில் பட்டுத் திரும்புகிறது. ஏதோ பறக்கிறது என்று தெரியும். அது எந்த விமானம்? இதைச் சொல்ல விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி உண்டு. தரையிலிருந்து கேட்டால், அது தன் எண்ணையும் உயரத்தையும் சொல்லும்.

மூன்றாவது வழி செயற்கைக்கோள். தரை ராடாருக்கு எட்டாத நடுக்கடலில் இது உதவுகிறது.

இவை நின்றுபோனால் என்ன ஆகும்?

2014 மார்ச் 8. மலேசிய விமானம் எம்.எச்.370, கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்டது. அதில் 239 பேர் இருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் இந்தியர்கள். நள்ளிரவு தாண்டி 1:19 மணிக்கு விமானியின் கடைசிப் பேச்சு வந்தது. 1:21 மணிக்கு டிரான்ஸ்பாண்டர் நின்றது. அப்போது விமானம் மலேசிய வான் எல்லையைத் தாண்டி வியட்நாம் எல்லைக்குப் போகும் நேரம். வியட்நாம் நிலையம், விமானம் வரவில்லை என்று 1:39 மணிக்குத்தான் கேட்டது. ஐந்து நிமிடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும்.

விமானமோ திசை மாறி மேற்கே போனது. மலேசிய ராணுவ ராடாரில் அது பதிவானது. விமானத்தின் கருவி காலை 8:19 வரை அவ்வப்போது செயற்கைக்கோளோடு தொடர்பு கொண்டது. இது பிறகு பதிவுகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இந்தியக் கடற்படை அந்தமான் கடலில் தேடியது. 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் அதன் இறக்கைத் துண்டு ஒன்று கிடைத்தது. காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2018-ல் விசாரணைக் குழு அறிவித்தது.

அப்படியானால், இந்தக் கருவிகளை நிறுத்தும் வசதி எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டில் மின்கம்பி புகைந்தால் என்ன செய்கிறோம்? உடனே மெயின் சுவிட்சை அணைக்கிறோம். விமானத்திலும் அப்படித்தான். 1998-ல் கனடா அருகே ஸ்விஸ்ஏர் விமானம் ஒன்றில் தீப் பிடித்தது. 229 பேர் இறந்தார்கள். தீ பரவாமல் தடுக்க, மின்சாரத்தை நிறுத்தும் வசதி விமானிக்கு வேண்டும். பழுதான கருவி தவறான தகவல் அனுப்பினாலும் அதை நிறுத்த வேண்டும்.

ஆகவே உலக நாடுகள் வேறு வழி கண்டன. 2018 நவம்பர் முதல், பெரிய விமானங்கள் கடலுக்கு மேலே பறக்கும்போது, 15 நிமிடத்துக்கு ஒரு முறை இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்பது விதி. புதிதாக வரும் பெரிய விமானங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. ஆபத்து வந்தால், நிமிடத்துக்கு ஒரு முறை இடத்தைத் தானே சொல்லும் கருவி வேண்டும்.

கருவி மட்டும் போதுமா? போதாது. வலியதுறை, சங்குமுகம் கரையைப் பாருங்கள். கடலுக்குப் போன வள்ளம் நேரத்துக்கு வராவிட்டால், கரையில் உள்ளவர்கள் சும்மா இருப்பதில்லை. உடனே விசாரிக்கிறார்கள். வானத்துக்கும் அதே பாடம்தான். விமானம் பேசாமல் போனால், அதுவே ஒரு செய்தி. அந்தச் செய்தியைக் கேட்டு, உடனே எழுந்து விசாரிக்க மனிதர் வேண்டும்.