பான் ராங் குன்றிலே காத்தே விழா

ஆசிய நாடுகளைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுவோர் பெரும்பாலும் பலர் நடந்து தேய்ந்த பாதையிலேயே செல்லுகின்றனர். கம்போடியாவில் அங்கோர், சாவகத்தில் போரோபுதூர் என்று இடங்கள் முன்னரே குறிக்கப்பட்டிருக்கின்றன. விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் ஒரே குளக்கரையில் நின்று, ஒரே கோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். இதிற் குற்றமொன்றுமில்லை, அவை காணத்தக்கனவே. ஆயினும் அங்கே கட்டடம் நிற்கின்றதேயன்றி, அதனை எழுப்பிய காலத்து வழிபாடு நிற்கவில்லை. கட்டடமும் வழிபாடும் ஒருங்கே நிற்கும் இடமொன்றைக் காண விரும்புவோர் சற்று விலகிச் செல்லல் வேண்டும்.

வியட்நாமின் ஹோ சி மின் நகரிலிருந்து வடக்கே ஹனோய் நோக்கிச் செல்லும் புகைவண்டி, தாப் சாம் என்னும் சிறு நிலையத்தைக் கடக்கின்றது. 'சாம் மக்களின் கோபுரம்' என்பதே அப்பெயரின் பொருள். வெளிநாட்டார் பலர் இங்கு இறங்குவதில்லை; ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வடக்கேயுள்ள நா திராங் கடற்கரையே அவர்களுக்கு இலக்கு. இந்நிலையத்தை அடுத்துள்ள பான் ராங் நகரமோ வியட்நாமிலே மிகக் குறைந்த மழை பெறும் பகுதியிலே உள்ளது. கள்ளிப் புதர்களும், ஆட்டு மந்தைகளும், பந்தலிற் படர்ந்த முந்திரிகைக் கொடிகளும் அங்கு காணப்படும். யாழ்ப்பாணத்துக் கோடையை அறிந்தவருக்கு அந்நிலம் அந்நியமாகத் தோன்றாது.

நிலையத்திற்கு அண்மையில், வெற்றிலைக் குன்று எனப்படும் சிறு மேட்டின்மேல் மூன்று செங்கற் கோபுரங்கள் நிற்கின்றன. நடுவிலுள்ள பெரிய கோயில் ஏறத்தாழ 20 மீற்றர் உயரமுடையது. வாயிலின் மேலே ஆறு கரங்களுடன் சிவபெருமான் ஆடுகின்றார். வாயில் நிலைகளிற் சாம் மொழிக் கல்வெட்டுகள். உள்ளே நந்தி, அதற்கப்பால் முகலிங்கம். அதாவது, இலிங்கத்தின் முன்புறத்தில் மனித முகமொன்று செதுக்கப்பட்டிருக்கின்றது. அம்முகத்தைச் சாம் மக்கள் தங்கள் பழைய அரசரான போ குளோங் கராய் என்றே கொண்டாடுகின்றனர்.

இவ்வரசர் தெய்வமானது எவ்வாறு? அவர் இளமையிற் குட்டநோயால் வருந்தி, நாகமொன்று நக்கியதாற் குணமடைந்தார் என்பது கதை. அந்த வறண்ட நிலத்திற்கு ஆற்றை மறித்து வாய்க்கால் வெட்டியவர் அவரே என்பது மரபு. நா திரிங் என்னும் அந்த அணையிலிருந்து இன்றும் வயல்களுக்கு நீர் பாய்கின்றது. போரிலே வென்ற மன்னர்களை வரலாறு நினைவில் வைத்திருக்கின்றது; நீர் கொணர்ந்தவரையோ உழவர் கருவறையிலே வைத்துவிட்டனர்.

கோயிலைக் கட்டியவர் வேறோர் அரசர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட மூன்றாம் செயசிம்மவர்மரே அவர். 1306இல் வியட்நாமிய இளவரசி ஒருத்தியை மணப்பதற்காகத் தமது நாட்டின் வடபால் இரு நிலப்பகுதிகளைப் பரிசமாகக் கொடுத்தவர். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். கொடுத்த நிலம் மீளவில்லை. ஒரு காலத்தில் வியட்நாமின் நடுப்பகுதிக் கரை முழுவதும் பரந்திருந்த சம்பா இராச்சியம் இவ்வாறும் போர்களாலும் சுருங்கிச் சென்றது. 1471இல் விசயம் என்னும் தலைநகர் வீழ்ந்தது. எஞ்சியிருந்த பாண்டுரங்கம் 1832இல் வியட்நாமியப் பேரரசர் மின் மாங்கின் ஆட்சியில் முற்றாக இணைக்கப்பட்டது. அந்தப் பாண்டுரங்கமே இன்றைய பான் ராங். வடக்கே மீ சன் பள்ளத்தாக்கிலிருந்த பெருங்கோயிலொன்று 1969இல் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சிற் சிதைந்து செங்கற் குவியலாயிற்று. அங்கு எஞ்சிய கோயில்கள் 1999இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. மக்கட் கூட்டம் மீ சன்னுக்குச் செல்லுகின்றது. தெய்வமோ பான் ராங்கிலேதான் பூசை பெறுகின்றது.

சாம் நாட்காட்டியின் ஏழாம் மாதத்து முதல் நாளில், ஆங்கிலக் கணக்கின்படி செத்தெம்பர் அல்லது ஒற்றோபர் மாதத்தில், காத்தே விழா நடைபெறும். விழாவின் தொடக்கம் கோயிலில் அன்று, மலையிலே. முன்னாளைய அரசரின் ஆடையணிகளைக் காத்து வருவோர் சாம் மக்கள் அல்லர், ராகிலாய் என்னும் மலைவாழ் மக்கள். இவ்விரு இனத்தாரிடையே ஓர் உறவுமுறை சொல்லப்படுகின்றது: சாம் மூத்த பிள்ளை, ராகிலாய் இளைய பிள்ளை. தாய்வழிச் சமூகமாகையால் வீடும் முன்னோர் கடனும் கடைசி மகளுக்கே உரியன. ஆகவே குடும்பத்தின் பழம்பொருளும் இளையவளின் காவலிலே இருத்தல் முறையாகின்றது. அரசு அழிந்தது, அரண்மனை அழிந்தது, துணிமணிகள் மட்டும் மலைக்குடிகளிடம் பத்திரமாக இருந்தன.

ராகிலாய் மக்கள் இறங்கி வந்து ஆடைகளை ஒப்படைப்பர். மறுநாட் காலை ஊர்வலம் குன்றேறும். வெண்ணிற உடையணிந்த பூசகர், கோயிற் காவலர், பூசை செய்யும் மூதாட்டி ஆகியோர் கருவறைக் கதவைத் திறப்பிப்பர். கடார் எனப்படும் பாடகர், ஆமையோட்டினாற் செய்த கான்ஹி என்னும் நரம்புக் கருவியை மீட்டி, தெய்வங்களை ஒவ்வொருவராக அழைத்துப் பாடுவார். முகலிங்கம் நீராட்டப்பட்டு, அரச உடை உடுத்தப்பெறும். வெளியே கினாங் முழவும், சரணாய் என்னும் ஊதுகருவியும் முழங்க, பெண்கள் விசிறி ஏந்தி ஆடுவர். கோயிலிலே தொடங்கும் விழா ஊருக்கும், பின்னர் வீட்டுக்கும் செல்லும். முன்னோருக்குப் படையலிட்ட பின்னரே அது முடிவடையும்.

சிவலிங்கத்தையும் நந்தியையும் கண்ட மாத்திரத்தில் 'இது நம்முடையது' என்று சொல்லிவிட்டு மேலே பாராது திரும்பும் நம்மவர் உண்டு. அது இரங்கத்தக்க பார்வை. சாம் எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்தின் வழிவந்ததே. பாண்டுரங்கம், விசயம் என்னும் பெயர்களும் வடமொழிப் பெயர்களே. ஆயினும் அவர்களுடைய மொழி மலாய் மொழிக்கு உறவுடையது. மணமகன் மணமகள் வீட்டுக்கே குடிபுகுகின்றான். இறந்தோரைத் தகனஞ் செய்தபின், நெற்றியெலும்பிலிருந்து ஒன்பது சிறு துண்டுகளை எடுத்துக் காத்து வைத்து, பின்னாளில் தாய்வழிக் குடும்பத்தின் நடுகல்லின் கீழ் அடக்கஞ் செய்கின்றனர். இவற்றை எந்த ஆகமத்தில் தேடுவது?

இன்னும் வியப்பானது அயலூர்களின் நிலை. பிராமணம் என்ற சொல்லின் திரிபாகிய பலமோன் என்னும் பெயருடைய இச்சமயத்தாருக்கு அருகிலேயே, இஸ்லாத்தைத் தம் வழியில் ஏற்ற பனி என்னும் பிரிவினரும் வாழ்கின்றனர். நோன்பு மாதத்தில் அவர்களுடைய குருமார் பள்ளிவாசலிலே தங்கி, ஊரார் அனைவருக்காகவும் தாமே நோன்பிருப்பர். இவ்விரு சமயங்களையும் ஆணும் பெண்ணும் போன்ற இணையாகக் கருதும் மரபு சாம் மக்களிடையே உண்டு.

பான் ராங்கிற்குத் தெற்கே பாவ் திரூக் என்னும் குயவர் ஊர் உள்ளது. அங்கே பானை வனைவோர் பெண்கள். அவர்களிடம் திரிகை இல்லை. மண்ணை ஒரு மேடைமீது நிறுத்தி, குனிந்தவாறே அதனைச் சுற்றிப் பின்னோக்கி நடக்கின்றனர். பானை சுழல்வதில்லை, குயத்தியே சுழல்கின்றாள். சூளையுமில்லை, விறகும் வைக்கோலும் அடுக்கித் திறந்த வெளியிலே சுடுகின்றனர். அதனால் ஒரு பானையின் நிறம் மற்றொன்றிற்கு வாய்ப்பதில்லை. 2022ஆம் ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை அவசரமாகப் பாதுகாக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலிலே சேர்த்தது. நகரம் விரிவதால் நல்ல மண் கிடைப்பது அரிதாகின்றது. இளையோருக்கு நாட்டமும் குறைகின்றது. முதுகு ஒடியும் இவ்வேலையை விட்டுத் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்ணைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. பெருமை பேசிவிட்டு, பானையை மட்டும் பேரம் பேசி வாங்கும் பயணிக்கு அவ்வுரிமை சிறிதுமில்லை.

2019ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி வியட்நாமிலுள்ள சாம் மக்கள் ஏறத்தாழ 1,78,000 பேர். பான் ராங்கைத் தலைநகராகக் கொண்டிருந்த நின் துவான் மாகாணமும் 2025 யூலையில் அயல் மாகாணமாகிய கான் ஹோவாவுடன் இணைக்கப்பட்டுவிட்டது. தேசப்படத்தில் எல்லை மாறினாலும் கோயில் நாட்காட்டி மாறவில்லை. காத்தே உட்பட ஆண்டிற்கு நான்கு பெருவழிபாடுகள் குன்றின்மேல் நடைபெறுகின்றன. அந்நாள்களிற் செல்வோர் கருவறை வாயிலை அடைத்து நிற்காது, படப்பெட்டியைத் தாழ்த்தி, முதலில் ஊராருக்கு வழிவிடுதல் தகும். உள்ளே இடம் மிகக் குறைவு; பூசகரும், பாடகரும், மூதாட்டியும் அமர்ந்தபின் நான்கைந்து பேருக்கே அங்கு இடமுண்டு. ஏனையோர் வெளியே வெயிலிற் பாய் விரித்து, பழமும் வெற்றிலையும் பரப்பி, தத்தம் முறைக்காகக் காத்திருக்கின்றனர்.