கம்பளிச் சால்வையின் கடைசி வேலை

விந்தியத்துக்கு வடக்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் குளிர்காலம் ஒரு புதுக் கலையைக் கற்பித்தது. பகல் வெயிலில் அமர்ந்து பின்னும் அண்டை வீட்டாரைக் கண்டு, நம் பெண்மணிகளும் ஊசி பிடிக்கலாயினர். 'சீதா', 'உல்டா' என்னும் சொற்கள் நம் இல்லங்களில் தமிழோடு கலந்துவிட்டன. ஆனால், பின்னக் கற்ற நாம் பின்னியதை முடிக்கக் கற்றோமா என்பது ஐயமே.

ஊசியிலிருந்து இறங்கிய சால்வை பார்வைக்கு இனிதாய் இராது. ஓரங்கள் சுருளும், ஜாலிப் பின்னலின் துளைகள் மூடிக் கிடக்கும், ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் குறுகித் தோன்றும். இதனைக் கைவேலையின் குறை எனக் கருதிச் சிலர் இரண்டு மாத உழைப்பைப் பெட்டிக்குள் மறைத்துவிடுகின்றனர். வேறு சிலர் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி மென்மையைப் போக்கிவிடுகின்றனர். இரண்டும் வேண்டா. வேலையில் குறையில்லை, வேலை இன்னும் முடியவில்லை.

கம்பளி இழை நீரில் ஊறும்போது, அதனுள் இருக்கும் நுண்ணிய பிணைப்புகள் சில தளர்கின்றன. உலரும்போது மீண்டும் இறுகுகின்றன. எவ்வடிவில் உலர்கிறதோ அவ்வடிவிலேயே, மறுமுறை நனையும்வரை, அது நிற்கும். ரஷ்யாவின் ஒரென்பர்க் சால்வைகளையும் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுச் சால்வைகளையும் துவைத்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்தும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது. நமக்குச் சட்டம் வேண்டுவதில்லை. கட்டில் மெத்தையே போதும்.

முதலில், தொங்கும் நூல்முனைகளை முடிச்சிடாமல், மழுங்கிய ஊசியில் கோத்துப் பின்புறக் கண்ணிகளினூடே இரண்டு மூன்று அங்குலம் செலுத்துவோம். மிச்ச நூலைச் சால்வை உலர்ந்த பின்னரே நறுக்க வேண்டும். இல்லையேல் இழுக்கும்போது முனை நழுவிவிடும்.

அடுத்து, பூந்திக்கொட்டைச் சாறு கலந்த குளிர்நீரில் அரைமணி நேரம் ஊறவைப்போம். சலவைச் சோடா கம்பளிக்குப் பகை. தேய்த்தலும் முறுக்குதலும் ஆகா. இழையின்மேல் நுண்ணிய செதில்கள் உள்ளன. வெந்நீரில் கசக்கினால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சால்வை தடித்துச் சுருங்கிவிடும். அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.

அலசிய சால்வையைத் தொங்கவிடாமல் இரு கைகளாலும் ஏந்தி எடுத்து, துவாலையில் சுருட்டி அழுத்தினால் ஈரம் பெரிதும் வற்றும். பின்னர் மெத்தைமேல் உலர்ந்த துணி பரப்பி, சால்வையை நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெல்ல இழுத்து, அளவுநாடாவால் இருபுறமும் ஒத்துப் பார்த்து, துருப்பிடிக்காத குண்டூசிகளை நெருக்கமாகக் குத்துவோம். ஜாலிப் பின்னலைத் துளைகள் விரியுமாறு நன்கு இழுக்கலாம். வரிவரியாய் நெகிழப் பின்னிய மஃப்ளரை இழுக்கலாகாது. அதன் நெகிழ்ச்சி கெடும். தில்லிக் குளிரில் உலர இரண்டு நாளும் ஆகலாம். ஈரம் முற்றும் போன பின்னரே ஊசிகளை எடுக்க வேண்டும்.

இன்று 'உல்லன்' என்று விற்கப்படும் நூல் பலவும் அக்ரிலிக்காகும். சிறு துண்டைக் கொளுத்திப் பார்த்தால் தெரியும்: கம்பளி, மயிர் கருகும் வாடையுடன் பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும். அக்ரிலிக் நனைத்து உலர்த்துவதால் மட்டும் வடிவில் நில்லாது; சற்றுத் தள்ளிப் பிடித்த நீராவி வேண்டும். சூடான இஸ்திரிப் பெட்டி தொட்டால் அது நிலையாகத் துவண்டுவிடும்.

ஊரிலுள்ள பெற்றோருக்கு நாம் அனுப்பும் சால்வையுடன் அதன் குறைக்குச் சமாதானம் சொல்ல நாம் போவதில்லை. ஆகவே, இரண்டு மாதம் பின்னியவர்கள் இன்னும் இரண்டு நாள் பொறுத்தல் நன்று.