கணக்குத் தவறவில்லை



வருமுன் காப்பதே அறிவு. வந்தபின் வருந்துவது அறிவன்று. கடற்கரையில் அணுமின் நிலையம் அமைப்போர்க்கு இவ்வுண்மை இருமடங்கு பொருந்தும்.

ஆழிப்பேரலையைக் கணிப்பொறி எங்ஙனம் முன்னுணர்த்துகிறது? கடலடிநிலம் பிளந்து நழுவினால் எத்துணைப் பரப்பில் எவ்வளவு நீர் மேலெழும் என்பது முதற்கண் கணிக்கப்பெறும். பின்னர்க் கடல் சிறுசிறு கட்டங்களாகப் பகுக்கப்பெற்று, ஒவ்வொன்றின் ஆழமும் கணிப்பொறிக்கு ஊட்டப்பெறும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் விரையும் அலை, கரையை அணுகுங்கால் விரைவு குன்றி உயரம் மிகும். அவ்வுயரத்தையும் நீர் நிலத்தில் ஏறும் எல்லையையும் கணிப்பொறி காட்டும். ஆனால், காட்டுவதே அதன் பணி. காப்பது மாந்தர் கடமை.

சப்பானின் புகுசிமாவில் நிகழ்ந்ததைக் காண்க. அங்கு அலை 5.7 மீட்டருக்கு மேல் எழாதென்று கொண்டிருந்தனர். 1896-இல் வடபால் பேரலை எழுப்பிய நடுக்கத்தைப் புகுசிமாக் கடற்பகுதிக்கும் பொருத்தி 2008-இல் மீளக் கணித்தபோது, 15.7 மீட்டர் என விடை வந்தது. உலைகள் நின்ற தரையோ 10 மீட்டர் உயரமே! நடத்திய குழுமம் அரண் எழுப்பவில்லை. மேலும் ஆராய்க என்று நாளைக் கடத்தியது. 2011 மார்ச்சு 11-இல் வந்த அலை அத்தரையை மூழ்கடித்தது. உதவி மின்னாக்கிகள் நீரில் அமிழ்ந்தன. குளிர்விக்க வழியற்று மூன்று உலைகளின் உள்ளகம் உருகிற்று. நூறாயிரவர்க்கு மேற்பட்டோர் மனை துறந்து பெயர்ந்தனர்.

அதே கரையின் வடபால் ஒனகாவா நிலையம் உள்ளது. 869-ஆம் ஆண்டுப் பேரலையை மறவாத பொறியாளர் யானோசுகே இராய், அதன் தரை 14.8 மீட்டர் உயர வேண்டுமென வற்புறுத்தினார். ஏறத்தாழ 13 மீட்டர் அலை வந்தும் அவ்வுலைகள் உருகாமல் நிறுத்தப்பெற்றன. பழம்பதிவை மதித்தமையால் விளைந்த நன்மை இது.

இஃது அயலார்க்கு மட்டும் உரிய பாடமன்று. 2004 திசம்பர் 26-இல் கல்பாக்கத்தில் கடல்நீர் எக்கி நிலையத்துள் புகுந்தது. இயங்கிய உலை நன்முறையில் நிறுத்தப்பெற்றது. ஆயினும், அருகமைந்த குடியிருப்பில் உயிர்கள் பல மாய்ந்தன. கூடங்குளத்திலும் உலைகள் கடலை நோக்கியே நிற்கின்றன.

ஆதலின், இக்கரைகளுக்குரிய கணிப்பின் முடிவு எதுவாயினும், அது பரதவர் குடிசைவரை தமிழில் சென்றடைதல் வேண்டும். நீர் எதுவரை ஏறும், எவ்வழி ஓடி உய்வது என்பதைத் தாய்மொழியே நொடியில் உணர்த்தும். விளங்காத மொழியில் எழுதிய எச்சரிக்கை, எழுதாத எச்சரிக்கையே!

புகுசிமாவில் கணக்குத் தவறவில்லை. காக்க வேண்டியவரே தவறினர். அத்தவறு தமிழகக் கரையில் நேராதிருக்க, வினவும் துணிவைத் தமிழர் பெறுக! விடையைத் தமிழிலேயே கேட்டுப் பெறுக!