குட்டிச் சட்டைக்கு என்ன விலை?



அமெரிக்காவில் வசந்தம் பிறக்கும்போதும் இலையுதிர் காலம் நெருங்கும்போதும், சில ஊர்களின் தேவாலயக் கூடமோ பொருட்காட்சி மைதானமோ இரண்டு மூன்று நாட்களுக்குக் குழந்தைகளின் கடையாகிவிடும். கம்பி கொள்ளாமல் சட்டைகள், மேசை நிறையப் பொம்மைகள், வரிசை வரிசையாகத் தள்ளுவண்டிகள். எல்லாமே ஏற்கெனவே ஒரு குழந்தை பயன்படுத்தியவை. பெற்றோர் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். விற்ற பணத்தில் பெரும்பாலும் நூற்றுக்கு 60 முதல் 70 வரை அவர்களுக்கு, மீதி நடத்துபவருக்கு. இதைக் கன்சைன்மென்ட் விற்பனை என்கிறார்கள். 1997இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், இரண்டு தாய்மார்கள் ஒரு வீட்டு வரவேற்பறையில் 17 பேரின் சாமான்களை வைத்துத் தொடங்கிய ‘ஜஸ்ட் பிட்வீன் ஃபிரெண்ட்ஸ்’ இன்று பல மாநிலங்களில் இப்படி விற்பனை நடத்துகிறது.

விற்க வரும் தாய்க்கு எது கடினம்? தன் பிள்ளையின் சட்டையை முன்பின் தெரியாத இன்னொருத்தியின் கண்ணால் பார்ப்பதுதான்.

முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போக வேண்டும். துவைத்து மடித்து வைத்த கைக்குழந்தைச் சட்டையில், ஓராண்டு கழித்துக் கழுத்தோரம் மஞ்சள் படர்ந்திருக்கும். கக்கிய பாலின் மிச்சம் அது. வைக்கும்போது கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆக்சிஜன் சலவைத்தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டால் பல கறைகள் போய்விடும். போகாததை விற்பனைக்குக் கொண்டுபோகக் கூடாது. இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்துப் பார்க்க வேண்டும், ஜிப்பை ஒரு முறை ஏற்றி இறக்க வேண்டும், பொம்மைக்குப் புது பேட்டரி போட வேண்டும். கூடத்தில் ஒரு குழந்தை பொத்தானை அழுத்தும்போது பாட்டு வராவிட்டால் அந்தப் பொம்மை அங்கேயே கிடக்கும்.

சட்டையின் முன்பக்கம் நம்மைப் பார்க்கும்போது ஹேங்கரின் கொக்கி கேள்விக்குறிபோல் இடப்பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பது பல விற்பனைகளில் விதி. ஆயிரக்கணக்கான சட்டைகள் ஒரே கம்பியில் ஒரே திசையில் நகர வேண்டுமே! விலைச்சீட்டைத் தடித்த அட்டைத்தாளில் அச்சிட்டு, துணி கிழியாதபடி தையல் விளிம்பில் ஊக்கு குத்துவார்கள். காலணிகள் ஜோடி பிரியாமல் கட்டப்பட்டிருக்கும்.

விலைக்கு வருவோம். கடையில் வாங்கிய விலையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 20 டாலர் கவுனுக்கு 5 அல்லது 6 டாலர். துவைத்துத் துவைத்து நிறம் மங்கியிருந்தால் இன்னும் கீழே. பெட்டியோடு இருக்கும் பொம்மைக்குக் கொஞ்சம் மேலே போகலாம். ஒரு டாலர் பனியனைத் தனியாகத் தொங்கவிட்டால் 65 சென்ட் கிடைக்கும். ஹேங்கர், சீட்டு, ஊக்கு, உழைப்பு எல்லாம் அதற்குள்தான். ஒரே அளவில் ஐந்து பனியன்களை ஒரு ஜிப் பையில் போட்டு 4 டாலர் என்று எழுதினால் வாங்குபவருக்கும் லாபம், விற்பவருக்கும் வேலை மிச்சம். கடைசி நாளில் பாதி விலைக்குத் தரச் சம்மதமா என்பதையும் சீட்டிலேயே குறிக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்குச் சம்மதம் என்று குறிப்பதே நல்லது. அடுத்த பருவத்துக்குள் பிள்ளை வளர்ந்துவிடும், அலமாரியில் இடமும் வேண்டும். முதல் பிறந்தநாள் கவுனுக்கு 3 டாலர் எழுதக் கை வரவில்லை என்றால் அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும். அந்த நினைவுக்காக எந்தத் தாயும் கூடுதலாக 10 டாலர் தரமாட்டாள்.

இனி சொல்வது விலை பேசக் கூடாத பொருட்களைப் பற்றி. உற்பத்தியாளர் குறை கண்டு திரும்பப் பெற்ற பொருளை விற்பது 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழைய பொருளுக்கும் அது பொருந்தும். ஒரு பக்கம் மேலும் கீழும் இறங்கும் மரத்தொட்டில் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்தப் பக்கம் தளர்ந்து விலகும்போது விழும் இடைவெளியில் சிக்கி, 2000க்குப் பிறகு மட்டும் குறைந்தது 32 குழந்தைகள் இறந்ததாக நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. 2011 ஜூன் 28 முதல் அந்தத் தொட்டிலைப் புதிதாகவோ பழையதாகவோ விற்கக் கூடாது. கைக்குழந்தையைச் சாய்வாகத் தூங்கவைக்கும் படுக்கைகளுக்கும், தொட்டில் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளுக்கும் 2022இல் தடைச் சட்டம் வந்தது. பாட்டி வீட்டுப் பரணில் இவை இன்னும் இருக்கின்றன. ஒப்படைக்கும் முன் பொருளின் மாதிரி எண்ணை ஆணையத்தின் பட்டியலில் தேடிப் பார்க்கச் சில நிமிடம் போதும்.

கார் இருக்கைக்குக் காலாவதித் தேதி உண்டு, பெரும்பாலும் அடிப்பக்கத்தில் பொறித்திருப்பார்கள். விபத்தைச் சந்தித்த இருக்கையா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது, விற்பவரின் வாய்ச்சொல்தான் சாட்சி. சந்தேகம் துளி இருந்தாலும் வார்ப்பட்டையை வெட்டிவிட்டுக் குப்பைக்கு அனுப்புவதே சரி. வெட்டாமல் வாசலில் வைத்தால் யாராவது எடுத்துப்போய் அதில் ஒரு குழந்தையை உட்கார வைத்துவிடுவார்கள்.