கத்தி உறை

(பரிசளிப்பு விழாவில், கைவினைப் போட்டிப் பரிசுகள் வழங்கப்படுமுன் ஆற்றிய உரை)

 

கைத்தொழிலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி தலைமையாசிரியர் பணித்தார்கள். நான் பெரிய பேச்சாளன் அல்லன். பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு வந்த சாதாரண தோட்டப் பள்ளி ஆசிரியன். ஆகையால் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு தொழிலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது தோல் வேலை.

சென்ற மாதம் நம் பள்ளி மாணவன் ஒருவன் புது பெல்ட்டு கட்டிக்கொண்டு வந்தான். பெரிய வெள்ளிப் பூட்டு. அதிலே குதிரைத் தலை. “என்னடா இது?” என்று கேட்டேன். “கௌபாய் பெல்ட்டு சார்!” என்றான். முகத்தில் அத்தனை பெருமை!

அந்தக் கௌபாய் யார் தெரியுமா, பிள்ளைகளே? மாடு மேய்க்கிற கூலித் தொழிலாளி. அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, டெக்சாஸ் மாநிலத்திலிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளை வடக்கே இரயிலடிக்கு ஓட்டிச் சென்றவர்கள் அவர்கள். அந்தத் தொழிலை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் மெக்சிகோ நாட்டு மாட்டுக்காரர்கள். கறுப்பின மக்களும் அவர்களில் பலர் இருந்தார்கள். குறைந்த கூலி, வெயில், மழை, தூசி. நம் தோட்டத்துப் பாட்டாளியின் வாழ்க்கைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. குதிரைமேல் போடும் சேணம், காலுக்குத் தோலுறை, கத்திக்கு உறை, இடுப்புக்கு வார் எல்லாமே அவர்களுக்கு அலங்காரம் அல்ல, வேலைக்கான கருவி. பிறகு சினிமா வந்தது. மாட்டுக்காரனைக் கதாநாயகன் ஆக்கியது.

நம்மிடமும் மாடு இருந்தது. தோட்டத்தில் விடிகாலை பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, மத்தியானத்துக்கு மேல் புல்லறுத்து மாடு வளர்த்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார்கள். மலாயாவுக்கு வந்த இந்தியத் தொழிலாளர்களோடு வந்த மாட்டின் வழித்தோன்றல்களைத்தான் கால்நடைத் துறையினர் இன்றும் ‘உள்நாட்டு இந்தியக் கறவை மாடு’ என்று ஓர் இனமாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள். சம்பளம் போதாத வீட்டில் பால் காசுதான் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கியது. மாடு இருந்த இடத்தில் தோலும் இருந்தது. தோல் இருந்த இடத்தில் அதைத் தைக்கத் தெரிந்த கையும் இருந்தது. ஆனால் அந்தக் கைக்கு நாம் என்ன மரியாதை கொடுத்தோம்? அதைத்தான் இன்று சொல்ல வந்தேன். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு தோட்டப் பள்ளியில் வேலை பார்த்தேன். கைவினைக் கண்காட்சிக்கு நான்தான் நடுவர். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு பாராங் கத்தியின் தோலுறையைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். அவள் தாத்தா தைத்தது. ஓரத்துத் தையலில் பாதி அவள் போட்டது. நல்ல வேலை. ஆனால் இரண்டு மூன்று பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அவள் குடும்பத்தின் சாதிப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குக் காதில் விழுந்தது. நான் என்ன செய்தேன்? “சரி சரி, எல்லாரும் வகுப்புக்குப் போங்க” என்றேன். அவ்வளவுதான். பரிசைப் புட்டியில் காகிதப் பூ ஒட்டிய பிள்ளைக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அந்தத் தாத்தா வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, “ஐயா, அந்த உறையைக் குடுத்தீங்கன்னா நல்லது. அது காட்சிக்கு வைக்கச் செஞ்சது இல்லீங்க, வேலைக்குச் செஞ்சது. நாளைக்கு மேட்டுக்குப் போவணும்” என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை லயத்துக்குப் போய், “எனக்கும் கற்றுக் கொடுங்கள்” என்று கேட்டேன். மாட்டுக் கொட்டகைத் திண்ணையில் பலகை போட்டு உட்கார வைத்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், சனிக்கிழமைதோறும் போனேன். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் பாடம்: எல்லாத் தோலும் எல்லா வேலைக்கும் ஆகாது. “வயித்துத் தோலு இழுத்தா நீளும், முதுகுத் தோலு நீளாது” என்பார். அதனால் இடைவாருக்கு முதுகுப் பக்கத்திலிருந்து நீளவாட்டில் அறுக்க வேண்டும். மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். துளை ஐந்து அல்லது ஏழு; எப்போதும் ஒற்றைப்படை. நடுத் துளை இன்றைய இடுப்புக்கு. மற்றவை உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் உதவ. “ஆளு மாறுவான், வாரு மாறக்கூடாது” என்று சிரிப்பார்.

இரண்டாம் பாடம், உறை. மரப்பட்டையில் பதம் செய்த தோலை நீரில் நனைத்து, கத்திக்குத் துணி சுற்றி, அதன்மேல் அழுத்தி உருவம் பிடித்துக் காயவிட்டால் தோல் கத்தியின் வடிவத்தை மறக்காது. கத்தியின் கூர் உராயும் ஓரத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே இன்னொரு தோல் பட்டை வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி நூலை அறுத்துவிடும். பிறகு காலை அறுக்கும். மழையில் வழுக்கும் மலைப்பாதையில் போகிறவனுக்கு இது உயிர்ச் சங்கதி. டுரியான் தோப்புக்கும் சாதிக்காய்த் தோப்புக்கும் ஏறி இறங்கும் பாலிக் புலாவ்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் பாடம், தையல். குத்தூசியால் ஒரே அளவாகத் துளை போட்டு, தேன்மெழுகு பூசிய ஒரே நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் வாங்க வேண்டும். இயந்திரத் தையலில் ஓர் இடம் அறுந்தால் பக்கத்துத் தையலும் பிரியத் தொடங்கும். இந்தத் தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கம் பிடித்து நிற்கும். குடும்பமும் சமூகமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

கடைசிப் பாடம்: வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து வெளியே வை. உறைக்குள்ளேயே நெடுநாள் கிடந்தால் ஈரம் பிடித்துத் துரு ஏறும். நம் ஊர் ஈரக் காற்றில் தோலில் பூசணமும் பூக்கும். துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடு. அடுப்பிலோ கடும் வெயிலிலோ காட்டாதே.

பிள்ளைகளே! இது படிக்காதவன் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பச்சைத் தோலை அப்படியே விட்டால் சில நாளில் அழுகிவிடும். உப்பிட்டுக் காத்து, சுண்ணாம்பு நீரில் ஊற வைத்து மயிர் நீக்கி, பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டால்தான் அது பதப்படும். தமிழ்நாட்டில் இதற்கு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. மலாய்க்காரர்கள் வெற்றிலையோடு சேர்க்கும் காம்பிர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் இங்கிலாந்துத் தோல் ஆலைகளுக்குக் கப்பலேறியது. நம் கடற்கரைச் சேற்றில் வளரும் பாக்காவ் மரப்பட்டையிலும் அதே துவர்ப்புச் சத்து உண்டு. அந்தக் கால மீனவர்கள் வலை மக்காமலிருக்க அதில் ஊற வைத்தார்கள். இதெல்லாம் இரசாயனம் அல்லவா?

சென்னையில் 1948ஆம் ஆண்டு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராகப் புகழ் பெற்ற டாக்டர் நாயுடம்மா, பிறகு இந்தியாவின் அறிவியல் ஆராய்ச்சி மன்றத்துக்கே தலைமை ஏற்றார். 1985இல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் மாண்ட அந்த விஞ்ஞானி தம் வாழ்வைத் தோலுக்குத்தான் கொடுத்தார். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பொருள்கள் உலகமெல்லாம் போகின்றன. அதே ஊர்களில் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததும் உண்மை. 1996ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டு, கழிவைச் சுத்திகரிக்காமல் ஆலை நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தொழில் குற்றவாளி அல்ல. பொறுப்பில்லாமல் செய்வதே குற்றம்.

பெற்றோர்களே! பெரியவர்களே! இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் உருமி முழங்கினால் நம்மில் யாருக்காவது கால் சும்மா நிற்குமா? அதுவும் தோல்தானே? மாட்டுப் பொங்கலன்று பசுவுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிறோம். அதன் கழுத்துக்கு வார் தைத்துக் கொடுத்தவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்துகிறோம். குதிரைத் தலை போட்ட பெல்ட்டு பெருமை. அதைத் தைத்த கை மட்டும் தீட்டா? கப்பலேறி வந்தபோது சாதியைக் கடலில் போட்டுவிட்டோம் என்று மேடையில் சொல்கிறோம். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி மலாயா முழுதும் சுற்றிப் பேசினார். அவர் பேசிப் போய்த் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனால் பத்து வயதுப் பையனுக்கு இன்னொரு பிள்ளையின் சாதிப் பெயர் தெரிந்திருக்கிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே கற்றான் என்று வீட்டில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டிருந்த ஆசிரியனும் அந்தப் பாடத்தை நடத்தியவன்தான். அவன் நான்தான்.

அந்த மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கேட்க எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. அதற்குள் அவள் ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் நாள் வந்துவிட்டது. “பரவால்ல சார், தாத்தா அப்பவே விட்டுடச் சொல்லிட்டாரு” என்றாள். தாத்தா இப்போது இல்லை. அவருடைய குத்தூசி என்னிடம் இருக்கிறது; கைப்பிடி அவர் கை பட்டுத் தேய்ந்து வழவழப்பாக இருக்கும்.

அந்த ஊசியால்தான் இவ்வாண்டு நம் மாணவர்கள் எட்டுப் பேர் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதோ மேசையில் இருப்பவை அவர்கள் செய்தவை: சாவிக்கொத்து, பேனா உறை, ஒரு கன்றுக்குட்டிக்குக் கழுத்துவார், ஒரே ஓர் இடைவார். தையல் சில இடங்களில் கோணலாக இருக்கும். என் தையலே இன்னும் கோணல்தான். விழா முடிந்ததும் கிட்டப் போய்க் கையிலெடுத்துப் பாருங்கள். மூக்கருகே கொண்டு போயும் பாருங்கள். மரப்பட்டை வாசம்தான் வரும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை டாக்டராகட்டும், வழக்கறிஞராகட்டும். அதற்குத்தான் நாங்களும் பாடுபடுகிறோம். ஆனால் கையால் ஒரு பொருளைச் செய்யத் தெரிந்த பிள்ளை, செய்கிற எவரையும் இழிவாகப் பார்க்காது. வீட்டில் கத்தி தீட்டத் தெரிந்த, கூடை முடையத் தெரிந்த, மாடு கறக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால் பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தப் பெரியவர்களைப் பள்ளிக்கும் அனுப்பி வையுங்கள். வாசலில் நிற்க வேண்டாம். உள்ளே நாற்காலி போட்டு வைத்திருப்போம்.